ஒரே மலைக்கு இரண்டு வழி

போடிநாயக்கனூரிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இரண்டு விதமாகப் போகலாம். குரங்கணி வரை 16 கிலோமீட்டர் வண்டியில் போய், அங்கிருந்து ஏறத் தொடங்கினால் அரை நாள் நடையில் மேலே நிற்கலாம். பைக்கில்தான் போவேன் என்றால் முந்தல், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, மாட்டுப்பட்டி என்று கேரளத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்து ஊர். ஆனால் அதற்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலை இல்லை. இந்தக் கோணலை வைத்தே இந்த மலையின் நூறாண்டுக் கதையைச் சொல்லிவிடலாம்.

மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் கடலுக்குப் போனது குரங்கணிச் சரிவு வழியாகத்தான். 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துத் தரையில் ஓடி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும், இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மலை விளிம்பில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு, அப்புறம் தூத்துக்குடிக்கு, அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு. டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடியில் பாட்டம் ஸ்டேஷன் என்று மலைக்காட்டுக்குள் ரயிலடிப் பெயர்கள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். 1924 வெள்ளம் மூணாற்று ரயிலை அடித்துக்கொண்டு போனது. அது மறுபடி ஓடவில்லை. மூணாற்றில் ஸ்டேஷனாக இருந்த கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகம்.

தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. மனிதர்களுக்குக் கால்தான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும் அந்த மலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதைகள் பல. தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்துமெட்டு, கம்பத்துக்கு மேலே கம்பம்மெட்டு, போடிக்கு மேலே போடிமெட்டு. அரிசி, பருப்பு, துணிமணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள்; தோட்டத்திலேயே தங்கி வேலை முடித்துக் கூலியோடு இறங்குவார்கள். இதற்கு மலையேற்றம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. தோட்டத்துக்குப் போகிறோம் என்றார்கள், அவ்வளவுதான். எந்தப் பாறையில் ஊற்று இருக்கும், யானை எந்தப் பக்கம் கடக்கும், எந்த மாதத்தில் புல் பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கத்தில் வந்த அறிவு.

இன்று அதே ஜனம் ஜீப்பில் போகிறது. விடியும் முன்பே போடி, தேவாரம் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் புறப்படும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே நாலாயிரம் அடிக்கு மேலுள்ள மெட்டைத் தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கால்வலி போனது பெரிய நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜீப்புக்குள் எத்தனை பேர் அடைக்கப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு ‘வளர்ச்சி’ என்ற வார்த்தை அவ்வளவு லேசாக வாயில் வராது.

சாலையும் மாறிவிட்டது. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த பழைய 49-ஆம் எண் நெடுஞ்சாலை இப்போது மூணாறு, போடி வழியில் 85. மெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரையுள்ள சுமார் 42 கிலோமீட்டரையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பணியின் நடுவே லாக்கார்ட் கேப் பகுதியில் மலை பலமுறை சரிந்து விழுந்தது. ஜிஎஸ்டி வந்த 2017-இல் விற்பனை வரிச் சாவடிகள் போயின. 1928-இல் போடிக்கு வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவோடு நின்று, அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்தது. ஏலக்காய் ஏலம் போடியில் இன்னும் நடக்கிறது, கணினித் திரையில்.

இந்த அகலச் சாலையின் முதல் ரசிகர்கள் பைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முந்தல் சோதனைச்சாவடியில் நின்று பார்த்தால் மதுரை, திண்டுக்கல், சென்னை எண்களோடு வண்டிகள் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு ஏறுவது தெரியும். புலியூத்து தாண்டியதும் கீழே போடி சிறுத்துவிடும்; வளைவுக்கு வளைவு காற்றின் சூடு இறங்கும். எஞ்சின் சத்தத்தைக்கூட மறக்கவைக்கும் ஏற்றம் அது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டியது நடைவழியைப் பற்றித்தான். தொழிலாளர்கள் விட்டுவிட்ட பாதைகளில் நகரத்திலிருந்து வந்தவர்கள் ஏறத் தொடங்கினார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி அவர்களில் 23 பேர் இறந்தார்கள். மார்ச்சில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். தீ சரிவில் மேல்நோக்கி, மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஓடும். இதை அந்த ஊரில் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். அதே ஆண்டு அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழிகளைத் திறந்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் வழியும் அதில் ஒன்று. இணையத்தில் பதிந்து, பணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சுதந்திரம் போய்விட்டது என்று சில நண்பர்கள் முணுமுணுக்கிறார்கள். மலையை அறிந்த ஒருவன் கூட வருவதற்கு அவனுக்கே சம்பளம் கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

பழைய பாதைகள் முழுக்கப் பொழுதுபோக்காக மாறிவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் எல்லைச் சாலைகள் அடைபட்டபோது தோட்டத் தொழிலாளர்கள் காட்டு வழியே இறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரம், பஸ் ஓடாததால் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நடந்தே இறங்கியவர்களில் சிலர் ராசிங்காபுரம் அருகே தீயில் சிக்கினார்கள். ஒரு குழந்தையும் இறந்தது. குரங்கணித் தீயைத் தேசமே அறியும். இந்தத் தீயை, தேனி மாவட்டத்துக்கு வெளியே, எத்தனை பேர் அறிவார்கள்?

சென்ட்ரல் ஸ்டேஷனில் இன்னும் வீடுகள் இருக்கின்றன. அங்கே சாமான் போவதும் மிளகும் காப்பியும் இறங்குவதும் கோவேறு கழுதை முதுகில். நூறாண்டுக்கு முன் இங்கிலாந்து வரை சரக்கு அனுப்பிய இடத்துக்கு இன்றும் வண்டி போகாது. சாலை கேட்டால் வனம் என்கிறார்கள்; வனம்தான், மறுக்க முடியாது. ஆனால் அதற்கும் மேலே, டாப் ஸ்டேஷனில், சுற்றுலா வேன்கள் மூணாற்றிலிருந்து வந்து நிற்கின்றன. காட்சிமுனையில் சோளம் கொறித்தபடி பள்ளத்தாக்கைப் படமெடுப்பவர்களின் சட்டகத்துக்குள், மரங்களுக்கிடையில், அந்தக் கழுதைப் பாதையும் விழுந்திருக்கும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று. விடியலில் ஏற வேண்டுமென்ற ஆசை எல்லோருக்கும் வரும். மஞ்சு இறங்கும் நேரம் அது, படமும் நன்றாக வரும். எட்டு மணிக்கு மேல் முந்தலைத் தாண்டுங்கள். அதற்கு முன் அந்தப் 17 வளைவுகளும் தோட்டத்து ஜீப்புகளுக்கு உரியவை. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் உள்ளே இருக்கும் பெண்களுக்கு அன்றைய கூலி போய்விடும். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், கியரைக் குறைத்து வாருங்கள், வளைவில் படமெடுக்க நிற்காதீர்கள்.