கோழித் தீவனமும் நார்ச்சத்தும்: தவிடு விற்போர் கவனத்திற்கு

மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் மளிகைக் கடை நடத்தும் அன்பர்கள் பலர் அரிசி, பருப்புடன் குருணை, கம்பு, தவிடு ஆகியவற்றையும் ஓரமாக வைத்து விற்கின்றனர். மொட்டை மாடியில் நான்கைந்து நாட்டுக் கோழி வளர்ப்பவர் வந்து, "எதைப் போட்டால் நன்றாக முட்டையிடும்?" என்று கேட்பார். "எல்லாம் தானியம்தானே" என்ற பதில் அவருக்கு உதவாது.

மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறது. அதன் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. கோழிக்கு அந்த வசதி இல்லை. கொத்திய தானியம் கழுத்தடித் தீனிப்பையில் ஊறி, அமிலம் சுரக்கும் முன்வயிற்றைக் கடந்து, தசை கனத்த அரைவைப்பைக்கு வருகிறது. பல் செய்ய வேண்டிய வேலையை, விழுங்கிய சிறு கற்களின் துணையோடு இந்தப் பை செய்கிறது. பிறகு சிறுகுடலில் மாவுச்சத்தும் புரதமும் செரிக்கின்றன. நாரை உடைக்கும் நொதி மட்டும் கோழியின் உடலில் சுரப்பதே இல்லை.

சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு முட்டுப்பைகள் உண்டு. அங்குள்ள நுண்ணுயிர்கள் சிறிதளவு நாரைப் புளிக்க வைத்துக் கொஞ்சம் சத்து தருகின்றன. ஆனால் அவற்றின் வாய் சல்லடை போன்றது. கரைந்ததும் மிக நுண்ணிய துகளும்தான் உள்ளே நுழையும். உமித்துண்டு அப்படியே வெளியேறிவிடும். (அப்பைகள் காலியாகும்போது எச்சம் பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். அதை நோய் என்று நினைத்து வாடிக்கையாளர் பயப்பட வேண்டியதில்லை.)

இனி சரக்குக்கு வருவோம். மக்காச்சோளத்தில் நார் சுமார் 2 விழுக்காடு. கம்பிலும் குறைவே. நெல் உமியிலோ சுமார் 40 விழுக்காடு, போதாததற்கு மணல் போன்ற சிலிக்காவும் உண்டு. முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்குத் தின்பது ஏறத்தாழ 110 கிராம்தான். உமி கலந்த தவிட்டால் அந்த இடம் நிரம்பினால் முட்டைக்கான சத்துக்கு இடம் ஏது?

கோதுமையின் தொல்லை வேறு வகை. அதிலும் வாற்கோதுமையிலும் உள்ள ஒருவகை நார் நீரில் கரைந்து குடலில் பசைபோல் ஆகிறது. மற்றச் சத்துகள் செரிப்பதையும் அது தடுக்கிறது, எச்சம் ஒட்டும். குஞ்சுகளைத்தான் அதிகம் பாதிக்கும். பெரிய தீவன ஆலைகள் இதற்கென்றே நொதி சேர்க்கின்றன. வீட்டில் வளர்ப்பவருக்கு அது கிடையாது. எனவே கோதுமையை மற்றத் தானியங்களுடன் அளவாகக் கலக்கச் சொல்லலாம்.

நார் முழுவதும் பகை என்றும் எண்ணிவிடக் கூடாது. கொஞ்சம் கொரகொரப்பான நார் இருந்தால் அரைவைப்பை வலுக்கிறது. கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று கொத்துவதும் குறைகிறது. நல்ல தவிட்டில் உயிர்ச்சத்தும் உண்டு.

எத்தனால் ஆலைகளின் தேவையால் 2024-ல் மக்காச்சோளம் விலையேறியது. தானியம் விலையேறும்போதெல்லாம் மலிவுத் தவிட்டுக்கு மவுசு கூடும். உமி கலப்போருக்கும் அதுவே நல்ல காலம். நாமக்கல் பண்ணைக்காரர் பரிசோதித்து வாங்குவார். நம் கடைக்கு வந்து இரண்டு கிலோ வாங்குபவர் நம்மை நம்பித்தான் வாங்குகிறார். ஆகவே மூட்டை இறக்கும்போதே ஒரு பிடி தவிட்டைத் தண்ணீரில் கலக்கிச் சற்று நேரம் வையுங்கள், உமி மிதக்கும். உள்ளங்கையில் தேய்த்தால் உமி குத்தும். மாவாக அரைத்துக் கலந்த உமி இந்த இரண்டுக்கும் தப்பிவிடும். மொத்த வியாபாரிகள் ஒரு மாதிரியைத் தீவன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நார் அளவைக் கேட்டு வாங்கிய பிறகு லோடுக்குப் பணம் கொடுப்பது நல்லது.