அறிக்கைப் படங்களின் மெய்யளவு

புனே நகருக்கு வடமேற்கே, பவனா நதிக்கரையில் அமைந்துள்ளது சிஞ்ச்வட். 1962-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்ற பின்னர், இவ்வூரும் அண்டையிலுள்ள பிம்ப்ரி, போசரி முதலிய ஊர்களும் பெரியதொரு தொழில் வட்டாரமாக வளர்ந்தன. மோட்டார் ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்தளிக்கும் சிறு பட்டறைகள் இங்கே மிகுதி. முற்காலத்தில் நீலப்படிகளாக வந்துகொண்டிருந்த வரைபடங்கள் இன்று பி.டி.எஃப். கோப்புகளாக வருகின்றன.

அத்தகைய பட்டறை ஒன்றில் காஸ்கெட் வெட்டுவதற்கு உரிய மாதிரிப்படத்தை அச்சிட்டு, தகட்டின் மீது ஒட்டி வெட்டுவதாகக் கொள்வோம். போல்ட் துளைகளின் மையங்கள் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைய வேண்டும். அச்சுப்பொறி படத்தை நூற்றுக்கு 96 பங்காகச் சுருக்கிவிட்டால், அவ்வட்டத்தின் விட்டம் 96 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு துளையும் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி நகரும், போல்ட் நுழையாது. தகடும் உழைப்பும் வீணாகும். காகிதத்தைக் கண்ணால் பார்ப்பவருக்கோ எக்குறையும் தோன்றாது.

இப்பிழை நேருவது எவ்வாறு? கணிப்பொறியில் உள்ள படம் பிக்சல் எனப்படும் புள்ளிகளின் தொகுதியே ஆகும். புள்ளிக்கு இயல்பான நீளம் ஏதுமில்லை. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்று கூறினாலன்றி, படத்தின் அளவு தீர்மானமாகாது. 1,181 புள்ளி அகலமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அங்குலத்திற்கு 300 புள்ளி எனக் கொண்டால் அதன் அகலம் 100 மில்லிமீட்டர். இணையப் பக்கங்களுக்குரிய 96 புள்ளிக் கணக்கில் அதுவே ஏறத்தாழ 312 மில்லிமீட்டர். 72 புள்ளிக் கணக்கிலோ ஏறத்தாழ 417 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டரே. ஆதலால் அறிக்கையைத் தானே தொகுக்கும் மென்பொருள், தாளில் அடங்காத படத்தைத் தன் விருப்பம்போல் சுருக்கிப் பொருத்திவிடுகிறது.

ஆனால் பி.டி.எஃப். அமைப்பில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. அதன் பக்கம் அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படுகிறது. படம் எத்தனை புள்ளி உடையதாயினும், பக்கத்தில் அதற்கு ஒதுக்கிய இடமே அதன் அளவு. ஆகவே அறிக்கையைத் தயாரிப்போர் அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். 100 மில்லிமீட்டர் என்பது 283.46 அலகு ஆகும். இவ்வாறு குறித்துவிட்டால், பின்னர் கோப்பின் பருமனைக் குறைக்கும் பொருட்டுப் புள்ளிகள் குறைக்கப்பட்டாலும் தெளிவு மட்டுமே குன்றும், அளவு மாறாது.

இரண்டாவது ஆபத்து அச்சிடும்போது நேர்வது. அமெரிக்க ‘லெட்டர்’ தாளின் அகலம் 215.9 மில்லிமீட்டர். அத்தாளுக்கென அமைந்த அறிக்கையை நம் ஏ4 தாளில் ‘ஃபிட்’ என்னும் கட்டளையுடன் அச்சிட்டால், அது நூற்றுக்கு 97.3 பங்காகச் சுருங்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘100 சதவீதம்’ என்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இது பட்டறைக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை, 1:50,000 அளவுத்திட்டத்தில் அமைந்த நிலப்படங்களை 2017-ஆம் ஆண்டு முதல் இணைய வழியே பி.டி.எஃப். வடிவில் வழங்கலாயிற்று. இவ்வளவுத்திட்டத்தில் 20 சென்டிமீட்டர் என்பது 10 கிலோமீட்டரைக் குறிக்கும். படத்தின் ஒரு பகுதி மேற்கூறியவாறு சுருங்கி அச்சாகுமாயின், அதே தொலைவு 19.46 சென்டிமீட்டராகவே தோன்றும். அளந்து கணக்கிடும் களப்பணியாளருக்கு 270 மீட்டர் குறைவாகக் கிடைக்கும். கிணற்றின் இருப்பிடத்தையோ கால்வாயின் நீளத்தையோ கணிக்கையில் இது சிறு பிழையாகாது. ‘1:50,000’ என்னும் எழுத்து மட்டும் தாளில் மாறாமல் நிற்கும். ஆயின் அது இப்போது உண்மை அன்று.

இதற்குப் பழைய நிலப்பட வல்லுநர் கையாண்ட அளவுக்கோடே சிறந்த பரிகாரம். படத்தோடு சேர்த்து வரையப்பட்ட கோடு, படம் சுருங்கும்போது தானும் சுருங்கும். விரியும்போது தானும் விரியும். ஆகையால் அதனைக் கொண்டு அளப்பவர் ஏமாறுவதில்லை. பயிர்ப்பூச்சி, சுவர் வெடிப்பு, பாறைத்துண்டு ஆகியவற்றைப் படமெடுக்கும் ஊழியர்கள், பொருளுக்கு அருகில் அதே தளத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தல் நலம்.

மெய்யளவில் இருக்கவேண்டிய பக்கத்திலோ, கிடையாக ஒன்றும் நெடுக்காக ஒன்றுமாக 100 மில்லிமீட்டர்க் கோடுகள் இரண்டு இடம்பெறட்டும். படம் ஒருபுறமாக மட்டும் இழுபட்டிருப்பினும் இவற்றால் புலப்படும். அளவுகோல் கையில் இல்லாதபோது வங்கி அட்டை உதவும். அதன் அகலம் 85.6 மில்லிமீட்டர் என உலகெங்கும் வரையறுக்கப்பட்டுள்ளது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். ஒரே பக்கத்தை இரு கட்டளைகளிலும் அச்சிட்டு, மாணவரைக் கொண்டு கோடுகளை அளக்கச் செய்க. அளந்த நீளத்தை 100 ஆல் வகுத்தால் சுருக்கத்தின் விகிதம் கிடைக்கும். அவ்விகிதத்தால் பக்கத்திலுள்ள எந்த அளவையும் வகுத்து மெய்யளவைப் பெறலாம். கையிலுள்ள பிழையான பிரதியும் இவ்வாறு பயனுக்கு வரும்.