மிளகின் பிப்பரினை இனங்காணலில் உயர் பிரிதிறன் நிறை நிறமாலையியல்

முன்னுரை

தாவரச் சாறு ஒன்றில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கும். அவற்றை இனங்காண உயர் பிரிதிறன் நிறை நிறமாலைமானி இன்று பெரிதும் பயன்படுகின்றது. எனினும், கருவி அளப்பது அயனியின் நிறை–மின்சுமை விகிதத்தையே; சேர்மத்தின் பெயர் அதிலிருந்து பெறப்படும் முடிபு. அம்முடிபிற்கு எத்தகைய சான்றுகள் தேவை என்பதை, மிளகின் காரத்திற்குக் காரணமான பிப்பரினை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

துல்லிய நிறையும் மூலக்கூறு வாய்பாடும்

கார்பன்-12 அணுவின் நிறை 12 எனக் கொள்ளும்போது ஹைட்ரஜனின் நிறை 1.007825, நைட்ரஜனின் நிறை 14.003074, ஆக்சிஜனின் நிறை 15.994915 ஆகும். இப்பின்னங்களின் துணையால் அளந்த நிறையிலிருந்து வாய்பாட்டைக் கணிக்க இயலுகின்றது. பிப்பரின் மூலக்கூறில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. புரோட்டான் ஏற்ற அதன் அயனிக்குரிய விகிதம் 286.1438. கருவி 286.1441 எனக் காட்டினால், பிழை பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 1 பங்கே. ஆயினும், அபினியிலுள்ள மார்ஃபினின் வாய்பாடும் இதுவே. ஆகவே, நிறை எவ்வளவு துல்லியமாயினும் அது மட்டும் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது.

சிதைவு அயனிகள் தரும் சான்று

அயனியை மந்த வாயுவுடன் மோதச்செய்து சிதைத்தால், குறைந்த பிரிதிறன் கருவியில் இரண்டும் 201 என்னும் சிதைவு அயனியைக் காட்டும். உயர் பிரிதிறனில் பிப்பரினுக்குரியது 201.0546 எனவும், மார்ஃபினுக்குரியது 201.0910 எனவும் வேறாகத் தோன்றும். முன்னது பிப்பரிடின் நீங்கியபின் எஞ்சும் பகுதி. அதில் 12 கார்பன், 9 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. பின்னதில் 13 கார்பன், 13 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன.

வடிவ மாற்றியங்கள்

சாவிசின் முதலிய பிப்பரினின் வடிவ மாற்றியங்கள் இரட்டைப் பிணைப்புகளின் அமைவில் மட்டுமே வேறுபடுவன. பிப்பரின் கரைசலின்மீது ஒளி படும்போதும் இவை உருவாகும். இவற்றின் சிதைவு அயனிகளும் நிறையில் ஒத்தவை என்பதால், நீர்ம வண்ணப்பிரிகையில் வெளிவரும் நேரத்தைத் தூய பிப்பரினுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

முடிவுரை

ஷிமான்ஸ்கி உள்ளிட்டோர் 2014இல் முன்வைத்த ஐந்து நிலைப் பகுப்பில், நிறை மட்டும் அறியப்படுவது 5ஆம் நிலை. வாய்பாடு உறுதியாவது 4ஆம் நிலை. தூய ஒப்பீட்டுப் பொருளால் உறுதிசெய்வதே 1ஆம் நிலை. தரவுத்தளத்தில் நிறை பொருந்தியதை மட்டும் கொண்டு ஒரு சேர்மம் ‘கண்டறியப்பட்டது’ என எழுதுவது, மிளகில் மார்ஃபின் உண்டு எனும் முடிபிற்கும் இடந்தரும். எனவே, ஒவ்வொரு சேர்மத்தின் பெயருடனும் அதன் உறுதிநிலையையும் ஆய்வேடுகளில் குறிப்பிடுதல் வேண்டும்.