வீடும் அனுமதியும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்களுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உறையுளாகிய வீடு பெரும்பொருட் செலவில் அமைவது. வருவாய் இனியும் நிலைக்கும் என்னும் நம்பிக்கை உள்ளபோதே ஒருவர் வீடு கட்டத் துணிவர். ஆதலால், ஓர் ஊரில் எத்தனை வீடுகள் எழவிருக்கின்றன என்பதை அறிந்தால், அவ்வூரின் பொருள்நிலையை ஒருவாறு உணரலாம். அதனை முன்னரே அறிவிப்பது கட்டட அனுமதி.

செட்டிநாட்டில், காரைக்குடிக்கு அருகே, மலைமேல் முருகன் கோயில் கொண்டு விளங்கும் ஊர் குன்றக்குடி. அவ்வூரில் ஒருவர் புதுவீடு கட்ட விரும்புகின்றார் எனக் கொள்க. அவர் வீட்டின் வரைபடத்தை இணைத்து விண்ணப்பித்து, அனுமதி பெறுதல் வேண்டும். சிற்றூர்களில் ஊராட்சியும், காரைக்குடி போன்ற நகரங்களில் மாநகராட்சியும் இதற்கு உரியவை. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீட்டிற்கு, உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறும் முறையைத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது.

அனுமதி கிடைத்தபின் கடைக்கால் தோண்டப்படும். செங்கல்லும் மணலும் சிமெண்டும் வந்து இறங்கும். கொத்தனார், சித்தாள், தச்சர் ஆகியோர்க்கு வேலை கிடைக்கும். கடைகளில் வாணிகம் பெருகும். மழைக்கு முன் கருமேகம் திரள்வது போல, இவ்வளவிற்கும் முன்னே தோன்றுவது அனுமதித் தாளாகும்.

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டின் கணக்கு நன்கு விளக்கும். அங்கு 2005ஆம் ஆண்டில் 21 இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2009இல் அத்தொகை 6 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. பெரும் பொருளாதார நெருக்கடி 2008இல் முற்றியது. அனுமதிகளோ 2006ஆம் ஆண்டிலேயே குறையத் தொடங்கிவிட்டன. இந்தியாவிலும் 1954இல் நிறுவப்பட்ட தேசியக் கட்டட அமைப்பு நகரங்களின் அனுமதி விவரங்களைத் திரட்டியது.

ஆயினும், இக்கணக்கைக் கருத்துடன் படித்தல் வேண்டும். அனுமதி பெற்றோர் அனைவரும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை; அனுமதி பெறாது கட்டுவோர் கணக்கில் வருவதில்லை. ஓர் அனுமதியில் ஒரு வீடும் எழலாம். நூறு குடியிருப்புகளும் எழலாம். ஆகையால், தாள்களை மட்டுமன்றி வீடுகளையும் எண்ணுதல் வேண்டும். நம் நாட்டில் ஆடி, மார்கழித் திங்களில் மனைக்கோள் செய்வோர் அரியர். எனவே, ஆடியைத் தையோடு ஒப்பிடலாகாது. சென்ற ஆண்டின் ஆடியோடு ஒப்பிடுவதே முறை.

இவற்றினும் சிறந்த பாடம் ஒன்றைச் செட்டிநாட்டு மாளிகைகள் புகட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம், நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளால் அவற்றை எழுப்பினர். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையும் அவற்றை அணிசெய்தன. 1930களின் பொருளாதார மந்தம் அவ்வருவாயைத் தளரச் செய்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த செல்வம் தடைப்பட்டது. மாளிகை எழுப்பும் முயற்சியும் ஓய்ந்தது. இன்று பல மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன. சில பிரிக்கப்பட்டு, அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் விலைபோயின.

வீடுகளின் எண்ணிக்கை கட்டுவோரின் ஆற்றலைக் காட்டும். வீடற்றோரின் தேவையைக் காட்டாது. பூட்டிய மாளிகையும், அதன் அருகே வாடகைக்கு இடம் தேடும் குடும்பமும் ஓர் ஊரிலேயே இருத்தல் கூடும். ஆதலின், எத்தனை அனுமதிகள் வழங்கப்பட்டன என்பதோடு, எத்தனை வீடுகள் முடிந்தன, எத்தனை வீடுகளில் விளக்கு எரிகின்றது என்பவற்றையும் சேர்த்து அறிதல் வேண்டும். அதுவே ஊரின் உண்மை நிலையை உணர்த்தும் கணக்காகும்.