குளிரில் கிளம்பாத பிக்கப்: முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

மைனஸ் 18 டிகிரியில் வண்டி பற்றரியின் பலத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். எஞ்சினைச் சுழற்றத் தேவையான விசையோ கூடிவிடும். ஒயில் தடித்துப்போவதுதான் காரணம். ரொறன்ரோவில் பல ஜனவரிகளில் இப்படியொரு காலை வரும். ஸ்காபரோவில் விடியுமுன் பிக்கப்பில் வேலைக்குப் புறப்படும் எங்கள் ஆட்களுக்கு அன்றைய கூலியே வண்டி கிளம்புவதில்தான் தங்கியிருக்கிறது. ஸ்ராட்டரை மாற்று, பிளக்கை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் வாங்குமுன் சாவியைத் திருப்பிக் காது கொடுங்கள்.

'டக் டக் டக்' என்று விரைவாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. பொனற்றைத் திறந்து பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கேபிளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீர் விட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். மீற்றர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பலரும் குளிரைத் திட்டுகிறோம். பற்றரியை உள்ளே அரிப்பது பெரும்பாலும் ஜூலை வெயில். ஜனவரி அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சார்ஜ் முழுதும் இறங்கிய பற்றரி மைனஸ் 7 அளவிலேயே உறையக்கூடும். பக்கங்கள் உப்பியிருந்தால் ஜம்பர் கேபிள் கொடுக்கவே வேண்டாம், வெடிக்கக்கூடும்.

முக்கி முக்கி மெதுவாகச் சுற்றினால் பற்றரியோடு ஒயிலையும் சந்தேகியுங்கள். 10டபிள்யூ ஒயில் மைனஸ் 25இலும், 5டபிள்யூ மைனஸ் 30இலும், 0டபிள்யூ மைனஸ் 35இலும் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. வண்டியின் கையேடு சொல்லும் ஒயிலையே ஊற்றுங்கள்.

நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? அப்படியென்றால் பற்றரி குற்றவாளி அல்ல. குளிரில் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. அதனால் எஞ்சின் கணினி வழமையைவிடக் கூடுதலாகப் பெற்றோல் தரவேண்டும். எவ்வளவு என்பதைக் கூலன்ட் வெப்ப சென்சாரின் அளவைப் பார்த்துத்தான் அது முடிவுசெய்கிறது. எஞ்சின் சூடாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொன்னால் கணினி பெற்றோலைக் குறைத்துவிடும். மத்தியானத்தில் சாதாரணமாகக் கிளம்பி, காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிகளில் இந்தச் சின்னச் சென்சாரைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கம் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். அது பெற்றோல் பம்ப். பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தால் எஞ்சின் நனைந்திருக்கிறது. அக்சிலரேற்றரைத் தரைவரை மிதித்துக்கொண்டு சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் அப்போது பெற்றோலை நிறுத்திவிடும்.

டீசல் வண்டியென்றால் குளோ பிளக் விளக்கு அணையும்வரை பொறுங்கள். கோடைக்கால டீசல் குளிரில் மெழுகு கட்டி ஃபில்ற்றரை அடைக்கும். குளோ பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஈதர் ஸ்பிரே அடிப்பது ஆபத்து.

வின்னிபெக்கில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீற்றரைச் செருக வண்டித் தரிப்பிடத்திலேயே மின்செருகி இருக்கும். ரொறன்ரோவில் அது அபூர்வம். ஆகவே பனி வருமுன், அக்டோபரிலேயே பற்றரியைச் சோதித்துவிடுங்கள். வண்டி கிளம்பியதும் கராஜுக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் உடனே வெளியே எடுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.