“ஒரு தவணைதானே, அப்புறம் போட்டுக்கலாம்” என்கிறீர்களா?

வெங்காய அறுவடை, முந்திரித் தோப்பு வேலை, வெளியூர்ப் பயணம்... பெரம்பலூர், அரியலூர் பக்கம் குழந்தையின் தடுப்பூசி தள்ளிப்போக எத்தனையோ காரணங்கள் இருக்கும். எல்லாம் நியாயமாகவே தோன்றும். ஆனால் நமக்கு நேரம் கிடைக்கும்வரை கிருமி காத்திருக்காது.

தட்டம்மையையே எடுத்துக்கொள்வோம். “அம்மா போட்டிருக்கு, வேப்பிலை வச்சா இறங்கிடும்” என்று இருந்துவிடக் கூடாது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் அந்தக் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். தடுப்பூசி போடாத 10 பேர் அருகில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றலாம். நிமோனியா, மூளைக்காய்ச்சல், பார்வையிழப்பு வரை போகும்.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கான அந்த முகாமின்போது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வந்த செய்தியை ஃபார்வர்டு செய்யும் முன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எப்போது போட வேண்டும்?
• பிறந்தவுடன்
• 6, 10, 14 வாரங்கள்
• 9 மாதம் முடிந்ததும்
• 16–24 மாதங்கள்
• 5–6 வயது
• 10, 16 வயது

“ஊசி போட்டா காய்ச்சல் வருதே?” சில ஊசிகளுக்குப் பின் லேசான காய்ச்சலும் வலியும் வருவது இயல்பு, ஓரிரு நாளில் சரியாகிவிடும். மருந்து தருவது பற்றிச் செவிலியர் சொல்வார். காய்ச்சல் அதிகமானாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவணை விட்டுப்போச்சா?
பயப்பட வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை–ருபெல்லா ஊசி விடுபட்டிருந்தால் 5 வயது வரை போடலாம். சில ஊசிகளுக்கு வயது வரம்பு உண்டு என்பதால் தாமதிக்காதீர்கள்.

கையில் உள்ள போனிலேயே யு-வின் தளத்தில் குழந்தையைப் பதிவு செய்தால், அடுத்த தவணைக்கான நினைவூட்டலும் சான்றிதழும் கிடைக்கும். வேலைக்காக வேறு ஊர் போனாலும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இந்தத் தடுப்பூசிகள் இலவசம்.

இன்று இரவே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். காலியாக ஒரு கட்டம் இருந்தால், நாளைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.