குஞ்சும் நீர்க்கலமும்

கோழிமுட்டை அடைகாக்கப்பட்டுக் குஞ்சாக வெளிவருதற்கு 21 நாட்கள் ஆகும். பொரிப்பதற்குச் சற்று முன்னர், முட்டையில் எஞ்சிய மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டு மூன்று நாட்கள் வரை அதுவே குஞ்சிற்குக் கட்டுச்சோறு. அடை வைத்த முட்டைகள் யாவும் ஒரே வேளையில் பொரிப்பதில்லை. முன்னர்ப் பிறந்தவை பின்னர்ப் பிறப்பவற்றிற்காகத் தாயின் சிறகடியில் காத்திருத்தல் வேண்டும். அதற்கென இயற்கை அமைத்த ஏற்பாடே இது. பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சுகளைத் துளையிட்ட அட்டைப் பெட்டிகளில் வைத்துத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்புகின்றனரன்றோ? அவர்களும் இக்கட்டுச்சோற்றை நம்பியே அனுப்புகின்றனர்.

ஆனால் சோறு இருந்தும் நீரின்றி வாடுதல் உண்டு. குஞ்சின் உடலில் பெரும்பகுதி நீரேயாகும். வெப்பம் மிகுந்த காற்றில் அந்நீர் விரைவில் குறையும். ஆதலின், அறிந்தோர் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் நீரைக் காட்டுவர். தீனியைப் பின்னரே இடுவர். சில குஞ்சுகளின் அலகை நீரில் மெல்லத் தோய்த்துவிட்டாற் போதும். அவை குடிப்பதைக் கண்டு மற்றவையும் குடிக்கத் தொடங்கும். பறப்பனவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டினைத் தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. கிளிப்பிள்ளை என்னும் வழக்கு இன்றும் நம்மிடம் உண்டு. கோழிக்குஞ்சைப் பிள்ளை என்று நாம் அழைப்பதில்லை. எனினும், முதல் வாரத்தில் அதற்குச் செய்யவேண்டிய பணி பிள்ளையைப் பேணும் பணியே.

கோழி நீர் அருந்தும் முறையை உற்றுநோக்குங்கள். அலகை நீரில் ஆழ்த்தும்; தலையை மேலே தூக்கும்; நீர் தானே தொண்டையில் இறங்கும். புறாவைப்போல உறிஞ்சிக் குடிக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் அலகில் ஒட்டிய தவிடும் நொய்யும் நீரிற் கலந்துவிடும். குஞ்சோ உண்ணும் தீனியின் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள நீரை அருந்துகின்றது. கோடையில் அதனினும் மிகுதி. எனவே நாள் முழுவதும் அது கலத்தின் அருகே சென்று வருகின்றது, கலத்தின் விளிம்பில் ஏறுகின்றது, உள்ளே இறங்குகின்றது, அங்கேயே எச்சமும் இடுகின்றது. இவற்றைத் தடுக்கும்படி கலம் அமைதல் வேண்டும்.

நம் சிற்றூர்களில் கொட்டாங்கச்சியில் நீர் வைப்பது வழக்கம். அதன் அடி உருண்டையாதலின் குஞ்சு மிதித்தவுடன் அது கவிழும். தாய்க்கோழி மண்ணைக் கிளறும்போதும் கவிழும். அதனை வைக்கோற் பிரிமணையின்மேல் இருத்தினால் அசையாது நிற்கும். அகலும் தட்டும் அதனினும் நல்லன. ஆனால் ஆழமான கலம் ஆகாது. இரண்டு விரற்கடை நீரிலும் சின்னஞ்சிறு குஞ்சு மூழ்கி இறத்தல் கூடும். ஆதலின் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றினிடையே அலகு மட்டும் நுழையுமாறு நீர் வார்ப்பர். அக்கற்களையும் நாள்தோறும் கழுவுதல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கோழிப் பண்ணைகளில் வழங்கும் கவிழ்கலம் வேறு வகையானது. அதனை வீட்டிலும் எளிதிற் செய்துகொள்ளலாம். துருப்பிடியாத குவளை ஒன்றின் வாயருகே சிறு துளை இட்டு, நீர் நிரப்பி, அகன்ற தட்டால் மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். கவிழ்த்த நிலையில் துளையானது தட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருத்தல் முக்கியம். துளையின் வழியே நீர் கசிந்து தட்டை நிரப்பும். துளை நீரில் மூழ்கியதும் நின்றுவிடும். ஏன் நிற்கிறது? குவளைக்குள் காற்றுப் புக வழியில்லை. வெளியேயுள்ள காற்று தட்டிலுள்ள நீரை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வழுத்தமே குவளையின் நீரைத் தாங்குகிறது. காற்றிற்கு இத்தகைய அழுத்தம் உண்டு என்பதை 1643-ஆம் ஆண்டில் டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் பாதரசத்தைக் கொண்டு விளக்கினார். ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. குவளை நீர் எம்மாத்திரம்! குஞ்சுகள் குடிக்கக் குடிக்கத் தட்டின் நீர் தாழும், துளை வெளிப்படும், ஒரு குமிழி காற்று உள்ளே புகும், அதற்கு ஈடான நீர் வெளிவரும். குடித்த அளவே வருமாதலின் தட்டு வற்றுவதுமில்லை, வழிவதுமில்லை.

இவ்வளவு நேர்த்தியான கருவி ஒரே ஒரு குற்றத்தைப் பொறுக்காது. அது சாய்வு. கலம் சாய்ந்த தரையில் இருக்கிறது என்றும், துளை மேட்டுப்பக்கம் அமைந்துவிட்டது என்றும் கொள்வோம். நீரின் மேற்பரப்பு எப்போதும் சமமாகவே நிற்கும். மேட்டுப்பக்கத்துத் துளையை மூடும் உயரத்திற்கு நீர் ஏறுமுன்னரே, பள்ளப்பக்கத்து விளிம்பைத் தாண்டி அது வழியத் தொடங்கும். துளை மூடப்படாமையால் காற்றுப் புகுந்துகொண்டே இருக்கும். குவளை முழுவதும் வெறுமையாகும்வரை நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இரவில் இவ்வாறு நேர்ந்தால் விடியும்போது கூளம் நனைந்திருக்கும். குஞ்சுகளோ குடிக்க நீரின்றி நிற்கும். துளை பள்ளப்பக்கம் இருந்தாலோ நீர் வழியாது, ஆனால் தட்டின் மேட்டுப்பாதி வறண்டு கிடக்கும், குஞ்சுகள் எல்லாம் ஒரு பக்கமே முட்டி மோதும், மெலிந்தவை பின்தள்ளப்படும். ஆகவே, கூளத்தின்மேல் கலத்தை நேரே வைத்தல் கூடாது. பலகையோ செங்கல்லோ இட்டு, அதன்மேல் வைத்தல் வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் இரசமட்டம் தேவையில்லை. வெறுந்தட்டில் சிறிது நீர் ஊற்றினால், அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் பள்ளம்.

நீர் சிந்தினால் என்ன கேடு என்று வினவலாம். குஞ்சின் உடலை மூடியுள்ள மென்தூவி தன்னுள் காற்றைச் சிறைப்படுத்திக் கதகதப்பைக் காக்கிறது. தூவி நனைந்தால் அக்காவல் நீங்கும். பிறந்த முதல் வாரத்தில் குஞ்சிற்குச் சுற்றிலும் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறம் அதற்கு இன்னும் வரவில்லை. நனைந்த குஞ்சுகள் குளிரால் நடுங்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடியும். காலையில் இறந்த குஞ்சுகளைக் கண்டோர் காற்றுக்கருப்பு என்பர், கண்ணேறு என்பர். கலத்தைத் தாங்கிய கல் சாய்ந்திருப்பதை நோக்கமாட்டார்.

உடனே தோன்றாத கேடும் ஒன்று உண்டு. இரத்தக் கழிச்சல் என்னும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர், கோழியின் எச்சத்தோடு முட்டை போன்ற கூடுகளாக வெளிவருகிறது. வெளிவந்தவுடன் அதற்கு நோய் தரும் ஆற்றல் இல்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் ஒருங்கே கிடைத்தால், ஓரிரு நாட்களில் அது முதிர்ந்து அவ்வாற்றலைப் பெறும். குஞ்சு வளரும் கொட்டிலில் வெப்பமும் காற்றும் என்றும் உள்ளன. இல்லாதிருக்கச் செய்யக்கூடியது ஈரம் ஒன்றே. வழக்கமான கிருமிநாசினிகளுக்கு இக்கூடுகள் எளிதில் அழிவதில்லை. நோயோ பெரும்பாலும் மூன்றாம் வாரத்திற்கும் ஆறாம் வாரத்திற்கும் இடையில் தோன்றும். எனவே நனைந்த உமியையும் கடலைத் தோலையும் அன்றன்றே அள்ளிவிட்டு, உலர்ந்தவற்றை இடுதல் நலம்.

இனித் தூய்மை. பழைய நீரின்மேல் புதுநீரை ஊற்றி நிரப்புதல் சோம்பேறிகளின் வழக்கம். தட்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அங்கே நுண்ணுயிர்கள் படலம் கட்டியுள்ளன என்பது பொருள். வெறுநீரில் அலசினால் அப்படலம் போகாது. தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். இரண்டு கலங்கள் இருந்தால் ஒன்று உலரும்போது மற்றொன்று பயன்படும். கழுவிய நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். சமையற் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவுதல் கூடாது. கழுவியவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கோழியின் எச்சத்திலுள்ள சில கிருமிகள் மனிதருக்கும் நோய் தரும்.

தூய்மைக்கும் ஒரு காலம் உண்டு. 1927-ஆம் ஆண்டில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிகெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோயை நம் மக்கள் வெள்ளைக் கழிச்சல் என்பர். அதற்குரிய உயிர்த் தடுப்பு மருந்தைக் குடிநீரிற் கலந்து கொடுத்தலும் உண்டு. அந்நாளில் நீரிலோ கலத்திலோ சலவைத்தூள் சிறிதும் எஞ்சியிருத்தல் கூடாது. இருந்தால் மருந்திலுள்ள உயிர்ப்பொருள் அழிந்து, மருந்து வீணாகும். கொழுப்பு நீக்கிய பாற்பொடியை அந்நீரிற் கலப்பது மருந்தைக் காப்பதற்கேயாம்.

குஞ்சுகள் வளர வளரக் கலமும் உயர வேண்டும். நிற்கும் குஞ்சின் முதுகு எவ்வளவு உயரமோ, தட்டின் விளிம்பும் அவ்வளவு உயரத்தில் இருந்தால், அது காலை உள்ளே வைக்க இயலாது. கிளறிய கூளமும் நீரில் விழாது. முதலில் ஒரு பலகை, பின்னர் ஒரு செங்கல், அதன்பின் மற்றொன்று என உயர்த்திக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் தட்டில் சிறிது நீர் ஊற்றி மட்டம் பார்த்த பின்னரே குவளையைக் கவிழ்த்தல் வேண்டும்.